காலிக் கார்டு

முதலியார்பேட்டை
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி செம்மல் எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முட்டிவலி மட்டும் பொங்கல் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்திருக்கிறது. நீ, மாமா, அபிக்குட்டி எல்லோரும் சுகம்தானே? ஓசூர்க் குளிரில் குழந்தைக்குக் குல்லா போடாமல் வெளியே தூக்காதே.

கடிதம் எதற்கு என்று திகைக்காதே. உறைக்குள் ஒரு மெமரி கார்டு இருக்கிறது, உதறித் தொலைத்துவிடாதே. நாம் இருவரும் ஒரு குழு ஆரம்பித்திருக்கிறோம். உன்னைக் கேட்கவில்லை, நானே சேர்த்துவிட்டேன். பெயர் 'ரெண்டாம் ஷிப்ட்'.

கன்னியப்பன் அண்ணன் ஆர்கெஸ்ட்ராவில் நீ கீபோர்டு, நான் ரிதம் பேட். எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து! நீ கல்யாணம் ஆகித் தப்பித்துவிட்டாய். நான் இன்னும் சனி ஞாயிறு அதே பாட்டுக்கு அதே தட்டு தட்டுகிறேன். வார நாளில் கம்பெனியில் பவர் பிரஸ். தகட்டை வைத்து மிதித்தால் டமால் என்று இறங்கி ஓட்டை போடும். அதன் தாளம் எந்த மண்டபத்திலும் நான் கேட்காதது அக்கா. மெஷின் சத்தத்தையே பாட்டாகக் கட்டுகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், இண்டஸ்ட்ரியல் மியூசிக் என்கிறார்கள். நாமும் கட்டுவோம். பாக்கெட்டில் ரெக்கார்டர் வைத்து நான் பிடித்ததைக் கேள். உன் பங்குக்கு ஏதாவது சேர்த்துத் திருப்பி அனுப்பு.

குழுவுக்கு ஒரே சட்டம்: போன் கிடையாது. கார்டு, கடிதம், அவ்வளவுதான். போனில் அனுப்பினால் நீ கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்பாய். போனில் பேசினால் பாட்டைப் பற்றிப் பேசாமல் எனக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிப் பேசுவாய்.

மாமாவுக்கு வணக்கம், அபிக்கு முத்தம்.

உன் தம்பி,
செம்மல்


ஓசூர்
29.1.2025

அன்புத் தம்பி செம்மலுக்கு,

மூன்று பேரும் சுகம். அபிக்கு லேசாகச் சளி இருந்தது, சரியாகிவிட்டது. அம்மாவை வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நடக்க வேண்டாம் என்று சொல். நான் சொன்னால் கேட்காது, நீ சொன்னாலும் கேட்காது, ஆனாலும் சொல்.

அங்கே மெல்லிசைக் குழு, இங்கே வல்லிசைக் குழுவா? கார்டைப் போட்டேன். உன் மாமா பக்கத்தில் யாரோ போர் போடுகிறார்கள் என்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். "இது செம்மல் பாட்டுங்க" என்றேன். "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டுவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. இந்த மாடி வீட்டில் பகலெல்லாம் நானும் குழந்தையும்தான். கை துருதுருவென்கிறது, வாசிக்க ஒன்றுமில்லை. உன் பிரஸ்ஸுக்கு நடுவில் எங்கள் மிக்ஸியையும் குக்கரையும் வைத்திருக்கிறேன். மிக்ஸி மூடி ஆடுகிற சத்தம் இரண்டாவது நிமிடத்தில் வரும், அதை வெட்டிவிடாதே.

கம்பெனியில் காதுக்கு அடைப்பான் கொடுக்கிறார்களே, மாட்டுகிறாயா? சட்டம் சரி, ஆனால் நான் அம்மாவுக்குப் போன் செய்யும்போதுகூட நீ வாங்கிப் பேசுவதில்லையாமே. அக்காவுக்குமா சட்டம்?

ஆசையுடன்,
கவிநிலா


முதலியார்பேட்டை
24.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலமென்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் போய்விட்டது.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு ரிசப்ஷன். நம் பிரஸ் சத்தத்தைப் பேடில் கல்யாணத் தாளங்களுக்கு அடுத்த வரிசையில் ஏற்றி வைத்திருந்தேன், சும்மா, ஓய்வு நேரத்தில் தட்டிப் பார்க்க. வழக்கம்போல முதல் பாட்டு பிள்ளையாருக்கு. கன்னியப்பன் அண்ணன் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறார். எனக்குத் தாளம் மாற்ற வேண்டும். பட்டனை அமுக்கினேன். அமுக்கினால் வருகிற பீப் வரவில்லை. சரியாக அமுங்கவில்லை போல என்று இன்னொரு தரம் அமுக்கித் தட்டினேன். டமால்! பவர் பிரஸ், முழு வால்யூமில். ஜெனரேட்டர்காரர் வெடித்துவிட்டதென்று வெளியே ஓடினார். பெண்ணோட அப்பா மாப்பிள்ளையைப் பிடித்துக் கீழே இழுக்கிறார். அண்ணன் மைக்கை அணைக்காமலே, "ஏண்டா டேய், புள்ளையாருக்கே ஓட்ட போட்டுட்டியேடா"ன்னார். மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

போகட்டும். நம் இரண்டாவது பாட்டு இதோ. உன் மிக்ஸி மூடி பிரமாதம் என்று நினைக்கிறேன், ஆனால் அது அமுங்கியிருந்தது, அதனால் டிரபிளை ஏற்றி மேல் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கினேன்.

அபிக்குக் குப்புற விழத் தெரிந்துவிட்டதாமே. அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டது.

உன் தம்பி,
செம்மல்


ஓசூர்
11.3.2025

அன்புத் தம்பிக்கு,

நலம். அபி குப்புற விழுவது பழைய செய்தி, இப்போது தவழ்ந்து போய்ச் செருப்பைக் கடிக்கிறாள்.

பிள்ளையார் கதையை உன் மாமாவிடம் வாசித்துக் காட்டி, சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அப்புறம் பாத்திரம் தேய்க்கும்போது ஒன்று உறைத்தது. அந்த பீப் எப்படிடா வராமல் போகும்? மேடையின் அந்தக் கோடியில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தாலே எனக்குக் கேட்கும். கொசு காதுக்குள் புகுந்த மாதிரி எரிச்சல்படுத்துமே. உனக்கு வரவில்லையா, இல்லை கேட்கவில்லையா?

பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிக்ஸி மூடி அமுங்கியிருக்கவில்லை. நீ ஏற்றிய டிரபிளில் எனக்குப் பல் கூசிவிட்டது. அபி வீறிட்டு அழுதாள், ஹெட்செட்டுக்கு மாறினேன், அதிலும் தாங்க முடியவில்லை. முதல் கார்டு இப்படி இல்லை. இதை நீ எப்படிச் சாதாரணமாகக் கேட்டாய்?

அடைப்பானைப் பற்றிக் கேட்டேன், பதிலே இல்லை. திரும்பவும் கேட்கிறேன்.

கவிநிலா


முதலியார்பேட்டை
19.4.2025

அக்காவுக்கு,

எல்லோரும் சுகமா? இங்கே சுகம். வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

பீப், பீப் என்று அதையே பிடித்துக்கொள்கிறாய். பேட் பழசு, அவ்வளவுதான். டிரபிள் அதிகம் என்கிறாய், எனக்கோ போதவே இல்லை. இண்டஸ்ட்ரியல் என்றால் பல் கூசத்தான் வேண்டும். மெல்லிசை வேண்டுமென்றால் கன்னியப்பன் அண்ணனிடம் போ. அவர் இரண்டு புரோகிராமாக என்னைக் கூப்பிடவில்லை, இடம் காலியாகத்தான் இருக்கிறது.

அடைப்பான் மாட்டினால் பிரஸ் தலையணைக்கு அடியில் ஓடுகிற மாதிரி இருக்கிறது. தாளம் பிடிக்கிறவன் காதை அடைத்துக்கொண்டு நிற்பானா? போதுமா பதில்?

நல்ல சேதி. டூமாஸ் வீதியில் ஒரு காபிக்கடை மொட்டைமாடி. ஜூன் 21, ஊரே தெருவில் பாடுகிற பிரெஞ்சுக்காரர் இசைத் திருவிழா அன்று, நமக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் முகிலன் கார்டைக் கேட்டுவிட்டு, "இத வீட்ல கேக்க முடியாது பாஸ், மாடில கேக்கலாம்"னார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். ராத்திரி படுத்தால் தூக்கமே வரவில்லை அக்கா. தலைக்குள் மெஷின் நிற்காமல் கூவுகிறது. சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

செம்மல்


ஓசூர்
2.5.2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே மூவரும் நலம். வெயில் உங்கள் ஊர் அளவுக்கு இல்லை. மோர் குடி.

ஜூலை 6 ஞாயிற்றுக்கிழமை, பாகூர் தாண்டி உன் மாமா வீட்டுக் குலதெய்வம் கோயிலில் அபிக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறோம். பதினோராவது மாதம். தாய்மாமன் மடியில்தான் குத்த வேண்டும், உனக்குத் தெரியும். மேடை போட்டு எத்தனை காதுகுத்துக்கு வாசித்திருக்கிறாய், இதில் நீ மேடையில் இல்லை, மடி கொடுக்கிறாய்.

இத்துடன் ஒரு கார்டு. ஒரே ஒரு சத்தம்தான் இருக்கிறது. ஹெட்செட் போட்டு, அமைதியாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

கவிநிலா


முதலியார்பேட்டை
15.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

கார்டு காலி. கூரியர்காரன் வெயிலில் போட்டு வதக்கியிருப்பான். ஹெட்செட்டில் முழு வால்யூம் வைத்தும் ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டரில் போட்டால் பல்லுப் பல்லாக ஒரு கோடு தெரிகிறது. கார்டு கெட்டுப்போனால் அப்படித்தான் வரும். இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், வேறு கார்டில் பதிந்து அனுப்பு. சீக்கிரம், ஜூன் 21க்கு அதையும் சேர்க்கலாம். ஆமாம், என்ன சத்தம் அது? லேத்தா?

ஜூலை 6 எனக்கு ஷிப்ட் இருக்கும்போல. வர முடியுமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கூட்டத்தில் நான்கு பேர் நான்கு பக்கம் இருந்து ஏதாவது கேட்பார்கள், எனக்கு எரிச்சலாக வரும். மாமாவின் சித்தப்பா மகன் யாராவது மடி கொடுத்தால் ஆகாதா?

உன் தம்பி,
செம்மல்


ஓசூர்
18.5.2025

செம்மல்,

கார்டு காலியில்லை.

நீ பார்த்த அந்தப் பல்லுப் பல்லான கோடு கோளாறு இல்லைடா. அது உன் மருமகள். அம்மா வாங்கிப் போட்ட வெள்ளிக் கொலுசு. அவள் தூங்கும்போது காலை லேசாக ஆட்டி ஆட்டிப் பதிந்தேன். ஃபேன் சத்தம், தெருச் சத்தம் என்று கீழே இருந்ததையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுக் கொலுசை மட்டும் விட்டேன். திரும்பி வந்த கார்டை இப்போதுதான் போட்டுக் கேட்டேன். அறை முழுக்கக் கேட்கிறது. தூங்கி எழுந்த அபி தன் காலைத் தானே பார்க்கிறாள்.

ஆமாம், சோதிப்பதற்காகத்தான் அனுப்பினேன். கோபித்துக்கொள். ஆனால் நேராகக் கேட்டால் நீ பேட் பழசு என்பாய், கூரியர்காரன் என்பாய். உனக்குக் கீச்சென்ற மேல் சத்தங்கள் கேட்கவில்லை. கேட்காத சத்தத்தைத் தேடித்தான் ஒவ்வொரு பாட்டிலும் டிரபிளை ஏற்றிக்கொண்டே போகிறாய். ராத்திரி தலைக்குள் கூவுகிறது என்று எழுதியிருந்தாயே, அது சந்தோஷம் இல்லை. போன் கூடாது என்று நீ போட்ட சட்டம் எதற்கென்றும் இப்போது புரிகிறது. நான் சிரித்துக்கொண்டே மிக்ஸியைப் பதிந்து அனுப்பியிருக்கிறேன். நீ காதைத் திறந்துவைத்துக்கொண்டு அந்த பிரஸ் முன்னால் நின்றிருக்கிறாய், நம் பாட்டுக்காக.

கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போ. மெடிக்கல் காலேஜில் காதுக்கென்று தனியாகப் பார்க்கிறார்கள். போகிற வரைக்கும் என்னிடமிருந்து ஒரு சத்தமும் வராது. அம்மாவிடம் நான் சொல்லமாட்டேன், நீயே சொல்.

மடி விஷயத்தில் பேச்சே இல்லை. வேறு யார் மடியிலும் அபிக்குக் காது குத்தமாட்டேன்.

அக்கா


ஓசூர்
9.6.2025

அன்புத் தம்பிக்கு,

நலமா? இங்கே நலம் என்று எழுத வரவில்லை. மூன்று வாரமாகத் தபால் வருகிற நேரத்துக்கு மாடிப்படியில் நிற்கிறேன். போனும் போட்டேன், மணி அடித்து நின்றது. அம்மாவிடம் கேட்டால், "அவன் நல்லாதான் கீறான், ஜாஸ்தி பேசறதில்ல" என்கிறது.

திட்டியாவது ஒரு வரி எழுது.

கவிநிலா


முதலியார்பேட்டை
25.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் அபியும் நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றி இந்தத் தடவை விவரமாகவே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தபோது எனக்கு அப்படி ஒரு கோபம். என் பாட்டைக் கெடுக்க வந்துவிட்டாய் என்று கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அதையே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டூமாஸ் வீதிக்குப் போனேன். காது அப்புறம், முதலில் ஜூன் 21 என்றுதான் இருந்தேன்.

மாடியில் கூட்டம் நான் நினைத்ததைவிட அதிகம். கீழே தெருவில் டிரம்ஸ், பக்கத்துத் தெருவில் கிதார். நான் ஆரம்பித்தேன். பிரஸ் இறங்கியதும் கைதட்டினார்கள். அப்புறம் நான் வழக்கம்போல டிரபிளை ஏற்றினேன். முன்வரிசையில் ஒரு பெண் காதைப் பொத்தினாள். பக்கத்தில் இருந்தவரும் பொத்தினார். ஒவ்வொரு கையாகக் காதுக்குப் போகிறது. எனக்கோ ஒன்றுமே கேட்கவில்லை அக்கா, இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் போலத்தான் இருக்கிறது. சட்டைப் பையில் உன் கடிதம்.

அப்போதுதான் பயந்தேன். மேடையில் எத்தனை வருஷம், ஒருநாளும் பயந்ததில்லை. குமிழைக் கீழே திருகினேன். காதை விட்டுவிட்டு அவர்கள் கையையே பார்த்துக்கொண்டு திருகினேன். கடைசிக் கை இறங்கின இடத்தில் நிறுத்தினேன். அந்த இடத்தில் எனக்கு உன் மிக்ஸி மூடி இல்லை, பிரஸ்ஸின் சங்கிலி உரசுவது இல்லை, வெறும் இடிதான் இருந்தது. மீதி நேரம் அவர்களுக்குக் கேட்பதை எனக்குக் கேட்காமலே வாசித்தேன். முடிந்ததும் முகிலன் கட்டிப்பிடித்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று தெரியவில்லை. தலையாட்டினேன். அப்படித் தலையாட்டித் தலையாட்டியே ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை கதிர்காமம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்செட் மாட்டி, சத்தம் வந்தால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்கிற பெண்ணின் கை குமிழைத் திருகிக்கொண்டே இருக்கிறது, எனக்கு ஒன்றும் வரவில்லை. சும்மாவே அமுக்கி ஏமாற்றலாமா என்றுகூடத் தோன்றியது. ஏமாற்றவில்லை. டாக்டர், "போனது திரும்பாது தம்பி. இருக்கறத காப்பாத்திக்கலாம். அந்த மெஷின்ல இனிமே நிக்காத"ன்னார். சூப்பர்வைசர் கோவிந்தசாமி சாரிடம் சீட்டைக் காட்டினேன். பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்.

அம்மாவிடமும் சொன்னேன். "கூப்ட்டா திரும்ப மாட்டேங்கற, திமிருன்னு நெனச்சேனே"ன்னு சொல்லி அழுதது.

'ரெண்டாம் ஷிப்ட்' முடிந்துவிட்டது. பிறந்தது ஜனவரி, போனது ஜூன். ஒரே ஒரு மேடை. காதுகுத்துக்கு வர எனக்கு ஆசைதான். ஆனால் ஆசாரி ஏதாவது சொல்லி, எனக்குக் கேட்காமல், நான் குழந்தையின் தலையைத் தப்பாகத் திருப்பிவிட்டால்?

உன் தம்பி,
செம்மல்


ஓசூர்
29.6.2025

என் தம்பிக்கு,

அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், அதனால் இது சின்னக் கடிதம்.

ஆசாரி ஒன்றும் சொல்லமாட்டார். நான் உனக்கு எதிரே உட்காருவேன். நான் கையைத் தூக்கினால் தலையைப் பிடி, இறக்கினால் விடு. கையைப் பார்த்து வாசிக்கத்தான் உனக்கு இப்போது தெரியுமே.

வெள்ளிக்கிழமை இரவு அங்கே இருப்போம். அம்மாவிடம் வாழைப்பூ வாங்கி வைக்கச் சொல். கொலுசுக் கார்டைக் கொண்டுவருகிறேன்.

கவிநிலா


முதலியார்பேட்டை
14.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? அபியின் காதில் சீழ் வைக்கவில்லையே? தேங்காய் எண்ணெய் போடச் சொல்லி அம்மா தினமும் என்னை எழுதச் சொல்கிறது, எழுதிவிட்டேன்.

நீ கையைத் தூக்கினாய், நான் பிடித்தேன், ஆசாரி குத்தினார். மொட்டைத் தலையோடு அவள் என் காதுக்கு நேராக வாயைத் திறந்து கத்தினாளே, அது கேட்டது அக்கா. முழுசாகக் கேட்டது. எல்லோரும் அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று இருந்தேன். கன்னியப்பன் அண்ணன் வந்து மொய் வைத்துவிட்டு, வாயை நன்றாகத் திறந்து எனக்குப் புரியும்படி, "அடுத்த மாசம் வில்லியனூர். டோலக் வாசிக்கிறியா?"ன்னு கேட்டதைப் பார்த்தாய் அல்லவா? அடைப்பான் மாட்டிக்கொண்டு வாசிப்பேன் என்றேன்.

நீ கொடுத்துவிட்டுப் போன கார்டை நேற்றுதான் போட்டேன். அதே கோடு. ஹெட்செட்டில் அதே ஒன்றுமில்லை. பிரஸ் சத்தத்தோடு மல்லுக்கட்டியதில் எனக்கு ஒன்று தெரியும்: ஒரு சத்தத்தை மெதுவாக்கினால் அதன் சுருதியும் கீழே இறங்கும். பாதி வேகத்தில் ஓட்டினேன். இல்லை. அதிலும் பாதி. இல்லை. அதிலும் பாதி. எங்கேயோ தூரத்தில் மாடு ஒன்று கழுத்து மணியோடு நடந்துபோகிற மாதிரி மெதுவாக வந்தது. வந்துகொண்டே இருந்தது.

நிஜக் கொலுசு இப்படி இருக்காது, தெரியும். எனக்கு இதுதான் கொலுசு. 'ரெண்டாம் ஷிப்ட்' செய்த கடைசிப் பாட்டு என்று இதையே வைத்துவிட்டேன், இதில் டிரபிளைத் தொடவில்லை. ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது.

அபி எழுந்து நடக்க ஆரம்பித்ததும் எனக்குச் சொல்ல வேண்டும். கடிதத்தில் வேண்டாம், தாமதமாகும். சட்டத்தை எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, நானே எடுக்கிறேன். நிதானமாகப் பேசு. புரியாவிட்டால் இனிமேல் தலையாட்டமாட்டேன், "கேக்கலக்கா, இன்னொரு தடவ சொல்லு"ன்னு சொல்வேன்.

மாமாவுக்கு வணக்கம். மொட்டைத் தலைக்கு ஒரு முத்தம்.

உன் தம்பி,
செம்மல்